முதலையைக் கரைக்குக் கூப்பிடுவது நாங்கள்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வருகிறவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

செப்டெம்பர் 4 வந்தால் எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு மனிதரின் படம் தவறாமல் வரும். காக்கிச் சட்டை, காக்கி அரைக்காற்சட்டை, மடியில் ஒரு முதலை. ஸ்டீவ் இர்வின். டிஷ் பூட்டின வீடுகளில் பிள்ளைகள் கூட்டமாகக் குந்தியிருந்து பார்த்த அந்த அவுஸ்திரேலியக்காரர். 2006ஆம் ஆண்டு இதே நாளில், 44 வயதில், திருக்கையின் முள் நெஞ்சில் ஏறி இறந்துபோனார்.

படத்துக்குக் கீழே வருகிற வசனம் இரண்டு வகை. ஒன்று: "விலங்கோட விளையாடினவன் விலங்காலேயே போனான், இது எல்லாருக்கும் பாடம்." மற்றது: "தலைவன்டா! இப்படி ஒரு வீரன் இனிப் பிறக்க மாட்டான்." முதலாவதைப் பெரியவர்கள் போடுகிறார்கள், இரண்டாவதை இளைஞர்கள். இரண்டையும் வாசித்துவிட்டுச் சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. ஏனென்றால் இரண்டு கூட்டமும் அந்த மனிதரின் சாவையும் சாகசத்தையும் எடுத்துக்கொண்டு, அவர் செய்த வேலையை விட்டுவிட்டது. அந்த வேலைதான் கல்லாற்றுக் கரையில் இருக்கிற எங்களுக்குத் தேவையானது.

முதலில் அந்தச் சாவைக் கதைப்போம். குயின்ஸ்லாந்தில் போர்ட் டக்ளஸுக்கு அப்பால் உள்ள பட் பாறைத் திட்டில், ஆழம் குறைந்த நீரில், கடல் உயிரினங்கள் பற்றிய படப்பிடிப்புக்காக நீந்திக்கொண்டிருந்தார். ஒரு பெரிய திருக்கை வாலை வீசியது. தன்மேல் வந்த நிழலைப் புலிச்சுறா என்று அது நினைத்திருக்கலாம் என்று அன்று கூட இருந்த ஒளிப்பதிவாளர் பின்னாளில் சொன்னார். இதிலே பழிவாங்கல் எங்கே இருக்கிறது? தண்டனை எங்கே இருக்கிறது? எங்கள் மீனவர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். மிதிக்கிற வரைக்கும் திருக்கை மணலுக்குள் பேசாமல் கிடக்கும் என்றுதான் சொல்வார்கள். முள் அதற்குக் காவல். தேடி வந்து குத்துகிற மீன் இல்லை அது.

இன்னொன்று. "இர்வின் சாகும் கடைசி நிமிடம்" என்று வருடா வருடம் ஒரு வீடியோ சுற்றுகிறதே, அது பொய். உண்மையான பதிவு வெளியே விடப்படவே இல்லை. ஒரு மனிதரின் மௌத்தைப் படம் போட்டுப் பார்க்கிற ஆசையை என்னவென்று சொல்வது? அவருக்கு இரண்டு பிள்ளைகள். அன்று மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. எங்கள் வீட்டு மௌத்து என்றால் இப்படிப் பகிர்வோமா?

அவர் இறந்த அடுத்த நாட்களில் குயின்ஸ்லாந்துக் கரைகளில் குறைந்தது பத்துத் திருக்கைகள் செத்துக் கிடந்தன. சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. அவர்மேல் வைத்த அன்பால் யாரோ பழி தீர்த்ததாகவே பேசப்பட்டது. அவருடைய அமைப்பே முன்வந்து அதைக் கண்டித்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் முதலில் அழுதிருப்பது அந்தத் திருக்கைகளுக்காகத்தான்.

அந்த முட்டாள்கள் வெள்ளைக்காரர்தானே என்று நாங்கள் சிரிக்கத் தேவையில்லை. எங்கள் ஊர்களில் திருக்கை வால் எதற்குப் பயன்பட்டது? சுவரில் தொங்கவிட்டுப் பிள்ளைக்கு அடிக்க. ஒரு மீனின் காவலை வெட்டி எடுத்து எங்கள் கோபத்துக்கு ஆயுதம் ஆக்கினவர்கள் நாங்கள். ஆசிரியர்களாகிய எங்கள் வர்க்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, அவர் செய்த வேலைக்கு வருவோம்.

1962இல் மெல்பர்ன் பக்கம் பிறந்தவர். 1970இல் தாயும் தகப்பனும் குயின்ஸ்லாந்தில் பியர்வா என்ற இடத்தில் ஒரு சின்ன ஊர்வனப் பூங்காவைத் தொடங்கினார்கள். ஒன்பது வயதில் வாப்பாவின் மேற்பார்வையில் முதலை பிடிக்கப் பழகினார். உவர்நீர் முதலையை வேட்டையாடுவதைக் குயின்ஸ்லாந்து 1974இல் தடை செய்தது. அதுவரைக்கும் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு அழித்திருந்தார்கள். தடை வந்த பிறகும் குடியிருப்புக்குக் கிட்ட ஒரு முதலை வந்தால் சுடத்தான் சொல்வார்கள். இர்வின் 1980களில் அரசாங்கத்தின் முதலைத் திட்டத்தில் தொண்டராகச் சேர்ந்து, அப்படிப்பட்ட முதலைகளைச் சம்பளம் வாங்காமல் உயிரோடு பிடித்தார். தொலைக்காட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. 1992இல் கலியாணம் கட்டி, தேனிலவுக்குப் போகாமல் மனைவியோடு முதலை பிடிக்கப் போனார். அந்தப் படப்பிடிப்புத்தான் அவருடைய தொடரின் முதல் நிகழ்ச்சி ஆனது.

அதாவது நாங்கள் சாகசம் என்று கைதட்டின அந்த மல்லுக்கட்டு, துப்பாக்கியிடமிருந்து முதலையைக் காப்பாற்றுகிற வேலை. டிக்டொக்குக்காக முதலைக்குட்டியைக் கழுத்தில் போட்டு ஆடுகிற தம்பிமாரே, இந்த வித்தியாசம் விளங்குகிறதா?

இனி எங்கள் ஊரில் யாருமே பகிராத ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். அவர் இறந்து அடுத்த வருடம், 2007இல், ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதினவர்களில் ஒருவராக ஸ்டீவ் இர்வினின் பெயரும் இருந்தது. மூன்று பெரிய ஆண் உவர்நீர் முதலைகளைப் பிடித்து, செய்மதிக் கருவி பூட்டி, வேறு இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்றை 56 கிலோமீற்றர் தூரத்தில், இன்னொன்றை 99 கிலோமீற்றர் தூரத்தில் விட்டார்கள். மூன்றாவதை ஹெலிகொப்டரில் தூக்கி கேப் யோர்க் தீபகற்பத்தின் மற்றக் கரையில் விட்டார்கள். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவது முதலை தீபகற்பத்தின் முனையைச் சுற்றி 400 கிலோமீற்றருக்கு மேல் நீந்தி, இருபதே நாளில் பிடிபட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

மட்டக்களப்பு வாவியின் நீளம் எவ்வளவு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர். பாலமீன்மடுவில் ஒரு வாய், எங்கள் கல்லாற்றில் ஒரு வாய், இரண்டும் கடலுக்குத் திறக்கிறது. இந்த வாவியின் ஒரு முனையில் பிடித்த முதலையை மறுமுனையில் விட்டாலும் அது வந்துவிடும். மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரத்தை வெட்டினால் கடல் வழியாகவும் வந்துவிடும்.

அப்படியிருக்க, முதலை தெரிந்தவுடன் நாங்கள் என்ன செய்கிறோம்? வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கோல் எடுத்து "பிடிச்சிக் கொண்டு போங்க" என்கிறோம். அவர்கள் வரப் பிந்தினால் கயிறு, கோடரி, அலவாங்கோடு நாங்களே இறங்குகிறோம். செத்த முதலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோம். முதலை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குற்றத்தைச் செய்துவிட்டு அதற்குச் சாட்சியையும் முகநூலில் நாங்களே போடுகிறோம்.

"மனுச உசிரை விட முதலை பெரிசா மாஸ்டர்?" என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. மனித உயிர்தான் பெரிது. 2017 செப்டெம்பரில் அறுகம்பைப் பக்கம் ஒரு பிரித்தானிய இளம் பத்திரிகையாளரை முதலை கொண்டுபோனதை நாங்கள் மறக்கவில்லை. தோணி தள்ளுகிறவர், இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுகிறவர், இறால் தடவுகிறவர், இவர்களுடைய பயம் பொய்ப் பயம் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவே எழுதுகிறோம். முதலையைப் பிடித்துக்கொண்டு போனதும் பயம் போய்விட்டது என்று நினைத்து அடுத்த நாள் அதே துறையில் இறங்குகிறோமே, அதுதான் ஆபத்து. ஒன்றைக் கொண்டுபோனால் அதுவே திரும்பி வரும், அல்லது அந்த இடத்துக்கு வேறொன்று வரும். ஏன்? கரையில் சாப்பாடு இருக்கிறது.

சாப்பாட்டை வைத்தது யார்?

இங்கேதான் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரப் போகிறது. வரட்டும். கோழிக்கடைக் கழிவை இரவில் உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஆற்றோரம் எறிவது யார்? நாங்கள். மாட்டின் குடலையும் தோல் துண்டையும் கண்ணாவுக்குள் தள்ளிவிடுவது யார்? நாங்கள். வருடத்தில் ஒருநாள் அல்லாஹ்வுக்காகக் குர்பான் கொடுத்துவிட்டு, இறைச்சியைப் பங்கு வைத்து, இரத்தத்தையும் கழிவையும் ஆற்றுக்குப் பங்கு வைப்பது யார்? நாங்கள். குழி வெட்டிப் புதைக்க அரை மணித்தியாலம் போதும். சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்தச் சுத்தம் வீட்டுக் கேற்றோடு முடிந்துவிடுமா?

மற்றப் பக்கத்துக்காரர் இதை வாசித்துச் சந்தோஷப்படத் தேவையில்லை. மீன் வெட்டின கழிவைத் துறையிலேயே கழுவி விடுகிறவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். கலியாண வீட்டு எச்சில் இலையையும் பிளாஸ்டிக்கையும் பாலத்துக்குக் கீழே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலைக்குச் சாதியும் தெரியாது, சமயமும் தெரியாது. நாற்றம் மட்டும் தெரியும்.

குப்பை விலங்குக்கு என்ன செய்யும் என்பதற்குத் தூரப் போகத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு குப்பைமேட்டை நினைத்துப் பாருங்கள். எட்டு வருடத்தில் இருபது யானைகள் அளவில் பிளாஸ்டிக் தின்று செத்தன என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. அங்கே சாப்பாடு என்று நம்பி யானை வந்து செத்தது. இங்கே சாப்பாடு என்று நம்பி முதலை வந்தால் சாவது முதலையாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். "அவன் ஒரு காபிர், அவனை ஏன் நீங்க புகழ்றீங்க?" தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்காக மன்னிக்கப்பட்ட ஒருவரையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணையும் பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்? நபிகளார்தானே. பூமியில் நடக்கிற உயிர்களும் பறக்கிற பறவைகளும் எங்களைப் போன்ற சமூகங்களே என்று குர்ஆன் படிப்பினை தருகிறது. ஓதினது நாங்கள். செய்து காட்டினது அவர். இதில் வெட்கப்பட வேண்டியது யார்?

அவரிடம் பிழையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2004 ஜனவரியில் ஒரு கையில் ஒரு மாதக் கைக்குழந்தையையும் மறு கையில் இறைச்சியையும் வைத்துக்கொண்டு முதலைக்குத் தீனி போட்டார். உலகமே திட்டியது, திட்டியது சரி. விலங்கைத் தொட்டுத் தொந்தரவு செய்தார் என்று விலங்குரிமை அமைப்புகள் இன்றும் குறை சொல்கின்றன. அதிலும் உண்மை இருக்கிறது. அவருடைய கையைப் பின்பற்ற வேண்டாம் தம்பிமாரே. அந்தக் கைக்குப் பின்னால் சிறுவயதிலிருந்து பழகின பழக்கம் இருந்தது. அவருடைய கண்ணைப் பின்பற்றுங்கள். பயங்கரம் என்று ஊர் சொன்னதை அவர் உற்றுப் பார்த்தார். அது எப்போது சாப்பிடும், எங்கே முட்டையிடும், எதற்குக் கோபப்படும் என்று அறிந்துகொண்டார். அறிந்த பிறகும் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் கோடரி தூக்கச் சொல்லவில்லை.

ஆகவே அடுத்த செப்டெம்பர் 4 அன்று படம் போட வேண்டாம். இவற்றைச் செய்வோம்.

பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் ஒரு மேசையில் இருந்து, ஆற்றோரம் இறைச்சி, மீன் கழிவு போடுவதில்லை என்று ஒரே முடிவு எடுக்கட்டும். குர்பானுக்கு முதலே குழி வெட்டப்படட்டும். கோழிக்கடைக் கழிவைக் கிழமையில் எத்தனை நாள் ஏற்றுவீர்கள் என்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்போம். பதில் வராவிட்டால் திரும்பக் கேட்போம். குளிக்கிற, தோணி கட்டுகிற துறைகளில் மரக்கம்பு அடித்து அடைப்புப் போடச் சொல்லிக் கேட்போம். முதலை நடமாடுகிற துறை என்றால் அறிவிப்புப் பலகை கேட்போம். பொழுது பட்ட பிறகு நீரோரம் இருந்து மீன் கழுவ வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தினமும் இறங்க வேண்டாம், முதலை எங்களுடைய வழக்கத்தைப் படிக்கும். திருக்கை கிடக்கிற ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். குத்துப் பட்டால் காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.

இதில் வீரம் எதுவும் இல்லை. படம் எடுத்துப் போட ஒன்றும் கிடைக்காது. உரப்பையை எறியாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவனுக்கு லைக் விழாது. ஆனால் அடுத்த மாரியில் எங்கள் துறையில் ஒரு பிள்ளை பத்திரமாகக் கரை ஏறினால், அதற்கு அந்த மனிதன்தான் காரணம்.

இன்றிரவு ஆற்றோரம் உரப்பையோடு யாரையாவது கண்டால் சண்டை பிடிக்க வேண்டாம். இந்தப் பதிவைக் காட்டுங்கள். அது நாங்களாக இருந்தால் எங்களுக்கும் காட்டுங்கள்.