இரத்தத்தின் சாட்சி

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் திருநாமம் உண்டு. அமாவாசைதோறும் ஜனங்கள் வந்து, நோய் கரைய வேண்டுமென்று திருக்குளத்தில் வெல்லம் கரைத்துச் செல்கிறார்கள். ஆனால் நோய் என்றே நாம் ஒப்புக்கொள்ளாத நோய் ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளையின் பெயரைப் பாட்டி மறந்துவிட்டால், "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறோம்.

அது வயதின் குற்றமன்று. 1906-ம் வருஷத்தில் ஜெர்மன் வைத்தியர் அல்ஸைமர், மறதியால் அவதிப்பட்டு இறந்த ஒரு ஸ்திரீயின் மூளையைச் சோதித்து, அதில் படிந்திருந்த கசட்டைக் கண்டார். அந்த அம்மாளுக்கு வயது 55 தான்!

அன்று இறந்த பின் தெரிந்தது, இன்று சிறிது இரத்தத்திலேயே புலப்படுகிறது. மூளையில் கசடு படியப் படிய, 'டௌ' என்னும் புரதத்தின் மாறிய வடிவம் இரத்தத்தில் மிகுகிறது. 2025 மே மாதத்தில் அமெரிக்க சர்க்கார் இத்தகைய சோதனை ஒன்றுக்கு அனுமதி அளித்தது. அதுவும் அறிகுறி தோன்றியவர்களுக்கு மட்டுமே.

நல்லது, ஆனால் அந்நியர் உடம்பில் வகுத்த அளவு நமக்குப் பொருந்துமா? சிறுநீரகம் பழுதானாலும் அதே புரதம் இரத்தத்தில் ஏறும். சிறுநீரகத்தைப் பழுதாக்கும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் சாதாரணம். கும்மிடிப்பூண்டித் தொழிலாளி ஒருவர், இல்லாத நோய்க்கு ஆளானவராகக் கணக்கில் ஏறிவிடலாம்.

முன்பும் இப்படி நேர்ந்ததுண்டு. படித்தவர்களுக்கென்று இயற்றிய கேள்விகளைக் கேட்டு, எழுத்தறியாதவர்களை நோயாளிகள் என்றார்கள். அதைத் திருத்த 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சிக் குழு, சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் உழைத்தது. பிறகு 2017 முதல் 2020 வரை, நம் தேசத்தில் அறுபது வயது கடந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரீட்சித்தார்கள், குடும்பத்தாரை விசாரித்தார்கள், இரத்தமும் சேகரித்தார்கள். அறுபது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உண்டென்று கணித்தார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கும், பட்டணத்தைவிடக் கிராமத்துக்குமே பங்கு அதிகம்.

ஆகவே நமக்குரிய அளவை நம்மவர் இரத்தத்தைக் கொண்டே வகுக்க வேண்டும். சர்க்காரும் சர்வகலாசாலைகளும் இதைக் கடமையாகக் கொள்ளட்டும்.

அதுவரை குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, காது மந்தம், புகைபிடித்தல், அசுத்தக் காற்று முதலிய பதினான்கு காரணங்களையும் நீக்க முடிந்தால், ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 2024-ல் நிபுணர்கள் கூறினார்கள். ஆலைப் புகையை அடக்குவது சர்க்காரின் பொறுப்பு. பாட்டியின் மறதியைக் கேலி செய்யாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம் பொறுப்பு.