ஆர்வக் குறைவா, ஆசிரியர் குறைவா?

வாவிக்கரை மாணவருக்கு அந்நிய மொழி கற்கும் ஆர்வமில்லை. அஃது அவர்தம் பண்பாட்டுக் குறை என்று படித்தோர் சிலர் தீர்ப்புரைக்கின்றனர். இத்தீர்ப்பை நாம் மறுக்கின்றோம்.

1959-இல் கார்ட்னர், லாம்பெர்ட் என்னும் உளவியலாளர் மொன்றியல் நகரில் பிரெஞ்சு பயின்ற ஆங்கில மாணவரை ஆராய்ந்தனர். அம்மொழியாரோடு உறவாடும் விருப்பம் ஒன்று, பயன் கருதும் நோக்கம் மற்றொன்று என வகுத்தனர். அங்கே பிரெஞ்சு மக்கள் அதே நகரில் வாழ்ந்தனர். வந்தாறுமூலையில் நம் மாணவன் உறவாட எந்த ஆங்கிலேயன் இருக்கின்றான்?

ஆர்வமில்லையாம்! காத்தான்குடிப் பிள்ளைகள் சிறு வயதிலேயே அரபு எழுத்தைக் கூட்டி ஓதுகின்றனர். வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் தாய்மார் அரபு பேசக் கற்றுத் திரும்புகின்றனர். கொரியாவில் வேலை தேடும் இளைஞர் அம்மொழியைப் பயின்று பரீட்சை எழுதுகின்றனர்.

ஆங்கிலத்தின் கதை வேறு. 1814-இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் புளியந்தீவுக்கு வந்து கல்விப்பணி தொடங்கினார். இரண்டு நூற்றாண்டு கழிந்தும் அம்மொழி வாவியைக் கடந்து படுவான்கரை உழவன் வீட்டைச் சரிவரச் சென்றடையவில்லை. சிங்களக் கிராமத்து மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’. வாள் என்று பொருள். இனம் வேறாயினும் வெட்டுண்ட கழுத்து ஏழையின் கழுத்தே. இதில் பண்பாடு எங்கே வந்தது?

உயர்தரம் வரை தமிழில் பயின்ற பிள்ளை, கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைக்கின்றான். அவன் மௌனத்துக்கு ‘ஆர்வமின்மை’ என்று பெயரிடுகின்றீர்கள். அளவுகோலுக்குப் பஞ்சமில்லை, ஆசிரியருக்குத்தான் பஞ்சம். படுவான்கரைப் பள்ளிகளுக்கு முதலில் ஆங்கில ஆசிரியரை அனுப்புங்கள், ஐயா; ஆர்வத்தை அளக்க அதன்பின் வாருங்கள்.