கடை உங்களுடையது, கணக்கு மட்டும் பையனுடையதா?

போன பௌர்ணமி இரவு. தேரடி வீதிப் பக்கம் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் டிபன் கடை. கிரிவலம் வந்த கூட்டம் வாசல் வரை நிற்கிறது. பில் போடும் டேப் திடீரென்று ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி போனதோ, பதினைந்து நாள் முன்பு வேலையை விட்ட தண்டராம்பட்டுப் பையனின் செல்போனுக்கு.

"போனையே எடுக்க மாட்டேங்கிறான் மாமா. திமிரு! கடைசி மாசச் சம்பளத்தை நிறுத்தி வெச்சது சரிதான்" என்றார் முதலாளி.

மறுநாள் என் போனிலிருந்து கூப்பிட்டேன். உடனே எடுத்தான். "ஐயா, உன் ஜிமெயிலையே போட்டுக்கோடான்னு சொன்னது அண்ணன்தான். சந்தாவும் என் கார்டுலதான் போச்சு. ரெண்டு மாசமா அந்தக் காசும் வரல, சம்பளமும் வரல. நான் ஓடிபி மட்டும் சொல்லணுமா?"

இதில் யாருக்குத் திமிர்? நீங்களே சொல்லுங்கள்.

நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போனால் பீரோச் சாவி, ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு வரை பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்திட்டுத்தான் சார்ஜ் ஒப்படைப்பார்கள். இன்று கடையின் மொத்த வரவுசெலவும் ஒரு ஆப்பில் இருக்கிறது. அதன் சாவி மட்டும் சம்பளக்காரப் பையனின் சட்டைப்பையில்!

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. ஆப்பிள் நிறுவனம் 2011-இல் தொழில் நிறுவனங்கள் மொத்தமாக ஆப் வாங்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போது ஊழியருக்குக் கொடுத்த ஆப் அவரோடே போய்விடும். 2013-இல்தான் உரிமத்தை நிறுவனமே வைத்துக்கொண்டு, ஆள் மாறினால் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வழி செய்தார்கள். ஆண்ட்ராய்டிலும் இப்போது நிறுவனக் கணக்கு வசதி உண்டு.

"சின்னக் கடைக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்பார்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். கடை பெயரில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். பாஸ்வேர்டை எழுதிய நோட்டு கல்லாப்பெட்டியில், பூட்டுக்குள். ஒவ்வொரு பையனுக்கும் ஆப்பில் தனி லாகின். வேலையை விட்ட அன்றே அதை நீக்கிவிடலாம். சந்தா முதலாளியின் வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும். தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவல் முதலாளிக்கு வர வேண்டுமா, பையனுக்கா?

நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை போடவே நம் மாநிலத்தில் 2021-இல் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. அவன் கார்டையும் போனையும் கடைக்கு முதலாக்கக் கூடாது என்பதற்கும் சட்டம் வரக் காத்திருக்க வேண்டுமா?

உறவு கெட்டாலும் பரவாயில்லை என்று இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பளத்தையும் சந்தாக் காசையும் அனுப்பினார். பையன் அன்று மாலையே கடைக்கு வந்து, ஐந்து நிமிடத்தில் நம்பரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். காபி கூட வேண்டாம் என்றுவிட்டான்.