மாடியில் இருக்கும் பழைய ஏரியலில் டிஜிட்டல் பாக்ஸ் வேலை செய்யுமா? சிவகாசி, சாத்தூர் பக்கம் இருக்கிறவங்க வாங்கும் முன் படிங்க!

"பழைய ஏரியல் இருந்தா போதும், இந்த பாக்ஸை மாட்டுங்க, மாச வாடகை இல்லாம டிவி பாருங்க" என்கிற மாதிரி வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. வெடி ஆபீஸ் கூலியை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2018 அக்டோபர் 23-ல் பசுமைப் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலை நின்றாலும் கேபிள் வாடகை நிற்காதே!

நேரடியாகச் சொல்லிவிடலாம்: விருதுநகர் மாவட்டத்தில் அந்த பாக்ஸ் வேலைக்கு ஆகாது.

ஏன்?

பெரும்பாலும் அந்த வீடியோக்கள் வெளிநாட்டுக்குப் பொருந்துபவை. பிரிட்டனில் 2012-லேயே பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, அதே கோபுரங்களில் இருந்து டிஜிட்டல் சிக்னல் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அங்கே ஏரியலும் பாக்ஸும் போதும். இங்கே கதை வேறு. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் இப்படி டிஜிட்டல் சிக்னலை அறிமுகப்படுத்திய 16 நகரங்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது சென்னை மட்டும்தான்.

நம்ம ஊர் ஏரியல்கள் பார்த்து நின்றது கொடைக்கானலை. சிவகாசியில் இருந்து நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். முக்கியமான சில இடங்களைத் தவிர, நாடு முழுக்க அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச் 31-க்குள் மூடுவதாக பிரசார் பாரதி அறிவித்தது. வருஷத்துக்கு சுமார் 100 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சிக்னலே வராத ஏரியலில் எந்த பாக்ஸை மாட்டி என்ன பயன்?

அப்போ வாடகை இல்லாமல் பார்க்க வழியே இல்லையா?

இருக்கு. டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் ஆரம்பித்தது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ், பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒருமுறை செலவு சுமார் 2,000 ரூபாய் என்பது பிரசார் பாரதி சொல்லும் கணக்கு. வாங்கும்போது எம்பெக்-4 பாக்ஸாகக் கேட்டு வாங்குங்க, பழைய ரகத்தில் எல்லாச் சேனலும் தெரியாது. ஆனால் ஒன்று, இது இந்திச் சேனல்கள் நிறைந்த சேவை. டிடி தமிழ் உண்டு. சன், விஜய் மாதிரி கட்டணச் சேனல்கள் கிடையாது. சீரியல் இல்லாமல் வீட்டில் சமாதானம் இருக்காது என்றால் கேபிள்தான்!

பழைய ஏரியலில் எது உதவும்?

கம்பம் மட்டும்தான், அதுவும் துரு ஏறாமல், காற்றில் ஆடாமல் இருந்தால். டிஷ் ஒரு விரல் அளவு நகர்ந்தாலே சிக்னல் போய்விடும். பழைய பட்டை வயர் ஆகாது, புது கோஆக்சியல் வயர் வேண்டும். முக்கியமாக, பாக்ஸில் எல்என்பி என்று போட்டிருக்கும் துளையில் ஏரியல் வயரைச் சொருகவே கூடாது. அந்தத் துளை வழியாக டிஷ் முனையில் இருக்கும் எல்என்பிக்கு 13 முதல் 18 வோல்ட் மின்சாரம் போகும். ஏரியலில் அது ஷார்ட் ஆகி, பாக்ஸே போய்விடலாம்.

ஏரியல் வடக்கைப் பார்த்தது என்றால், டிஷ் தென்கிழக்கைப் பார்க்கணும். சிவகாசியில் நின்று பார்த்தால் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கிறது. அதனால் பக்கத்து மாடி மறைக்கும் என்ற கவலை பெரும்பாலும் இல்லை.

2006-ல் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் கிடைத்த இலவச கலர் டிவி இன்னும் ஓடுகிறதா? தாராளமாகப் பயன்படுத்தலாம். பாக்ஸின் மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளை ஒயர் சத்தத்துக்கு. டிவியில் சிவப்புத் துளை இல்லையென்றால் அந்த ஒயரை அப்படியே விட்டுவிடலாம்.

கேபிளில் இருந்து மாறுவது லாபமா?

2019-ல் டிராய் விதித்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பு, ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். பழைய கணக்கை வைத்துப் பார்த்தாலே 13, 14 மாதத்தில் டிஷ் செலவு திரும்பிவிடும்.

குறையும் இருக்கு. கனமழையில் டிஷ் படம் உறைந்து நிற்கும், அதாவது மழைச் செய்தி தேவைப்படும் அதே நேரத்தில். இன்னொன்று, வெடி ஆபீஸ்களில் இடிதாங்கி இருக்கும், நம்ம மாடியில் இருக்காது. பயன்படாத ஏரியலைக் கழற்றி இறக்கிவிடுங்க. இடி சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பாக்ஸில் இருந்து டிஷ் ஒயரையும் கரண்ட் பிளக்கையும் உருவிடுங்க. பக்கத்திலேயே இடிக்க ஆரம்பித்துவிட்டால் ஒயரைத் தொடாதீங்க.