பழைய சைக்கிளுக்கு புது ஹேண்டில்: தகரம் வைத்து இறுக்கினால் உயிருக்கே உலை!

மதுரை,

பால்காரர், இளநீர் வியாபாரி, மில் வேலைக்கு போகிறவர் என்று பழைய சைக்கிளை நம்பி பிழைப்பு நடத்துபவர்கள் இன்றும் ஏராளம். 30 வருஷம் ஓடிய வண்டியிலும் பிரேம் கல்லு மாதிரி இருக்கும். ஆனால் ஹேண்டில்பாரை தாங்கும் தண்டு துருப்பிடித்து இற்றுப்போகும். புதுசு மாட்டலாம் என்று கடைக்கு போனால்தான் சிக்கல் ஆரம்பம்.

காரணம் என்ன?

எல்லாம் அளவுதான். பழைய பெரிய சைக்கிள்களில் போர்க் குழாயின் வெளி விட்டம் பெரும்பாலும் 1 அங்குலம். அதற்குள் இறங்கும் தண்டு 22.2 மி.மீ. இருக்க வேண்டும். சிறுவர் சைக்கிள் ரகங்கள் சிலவற்றில் இது 21.1 மி.மீ. வித்தியாசம் வெறும் 1 மி.மீ.தான். கண்ணால் பார்த்தால் தெரியாது.

இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் தண்டு உள்ளே இறங்குவதே இல்லை. குழாயை வெளியில் இருந்து கவ்விப்பிடிக்கிறது. அது பழைய வண்டிக்கு ஆகாது.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நின்ற அட்லஸ் சைக்கிள், 2020 ஜூனில் சாகிபாபாத் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. பழைய மாடல் குறைய குறைய, கிடைக்கிற பாகத்தை வைத்து ஒப்பேற்றும் பழக்கம் கூடுகிறது.

தகரம் வைக்கலாமா?

தண்டு சிறிசாக இருந்தால் தகரத்தை சுற்றி உள்ளே அடித்து இறுக்குகிறார்கள். அன்றைக்கு ஆடாது. மூட்டை ஏற்றி பள்ளத்தில் இறங்கும்போது தகரம் நழுவும். ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் திரும்பும். பின்னால் லாரி வந்தால் கதை முடிந்தது.

மோட்டார் வாகனம் சம்பந்தப்படாமல் தானாக விழுந்தால் விபத்து இழப்பீட்டு வழக்கும் போட முடியாது. ஆஸ்பத்திரி செலவு, வேலைக்கு போகாத நாள் கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

கவனிக்க வேண்டியவை:-

* பழைய தண்டை கழற்றி கையோடு கொண்டுபோய் அதே அளவை கேட்டு வாங்குங்கள்.

* கழற்றும்போது மேல் போல்டை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்தி, மரக்கட்டை வைத்து தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். முழுசாக கழற்றிவிட்டு அடித்தால் ஆப்பு உள்ளேயே விழுந்துவிடும்.

* துரு பிடித்து வரவில்லையா? மண்எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

* ராடு பிரேக் வண்டி என்றால் ராடு பிரேக் ஹேண்டிலையே கேளுங்கள். வேறு ரகம் மாட்டினால் பிரேக்கையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

* உயரம் வேண்டும் என்று தண்டை மேலே தூக்காதீர்கள். கோடு இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது. கோடு இல்லை என்றால் குறைந்தது இரண்டரை அங்குலம் உள்ளே இருக்கட்டும்.

* உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை சுலபமாக வரும்.

மாட்டி முடித்ததும் கடையிலேயே முன்சக்கரத்தை முழங்காலால் இறுக்கிப்பிடித்து, ஹேண்டிலை பலமாக திருப்பிப்பாருங்கள். அசைந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

தகரத்தில் மிச்சமாவது சில ரூபாய். கை, கால் உடைந்தால் போவது பல மாத கூலி. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடையை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.