சாமி இல்லாத கோயில், சிப்பாய் இல்லாத கோட்டை

திண்டுக்கல்லுக்குப் போனால் பிரியாணி சாப்பிடுவோம், ஞாபகமாக ஒரு பூட்டு வாங்குவோம், பழநிக்கோ கொடைக்கானலுக்கோ பஸ் ஏறிவிடுவோம். ஊருக்கு நடுவில் நிற்கும் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. போன லீவில் அக்கா பையன் அடம்பிடித்ததால், வெயில் ஏறும் முன்பே டிக்கெட் எடுத்துப் பாறைப் படிகளில் ஏறினோம்.

உச்சியில் கோயில். உள்ளே எட்டிப் பார்த்தவன், "சித்தி, சாமி எங்கே?" என்றான். கோட்டை ராணுவத்தின் கையில் இருந்த காலத்தில் அபிராமி அம்மனைக் கீழே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது திண்டுக்கல்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. சிப்பாய்களும் என்றோ போய்விட்டார்கள். இப்போது இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம்.

கோட்டையை 1605-ல் கட்டத் தொடங்கியவர் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். 1755-ல் மைசூர் படையோடு இங்கே பௌஜ்தாராக வந்தார் ஹைதர் அலி. அவர் பெரிய ஆளாக வளர்ந்தது இந்த ஊரில்தான். 1767, 1783, 1790 என மூன்று முறை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 ஒப்பந்தத்தில் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது. கணவரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு ஹைதர் ஆதரவு தந்ததும், ராணிக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டதும் இதே திண்டுக்கல் சீமையில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது, பீரங்கி மேடைகளைவிட, மேலே பாறையில் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் குளங்கள். முற்றுகை நாளில் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இதுதானே உயிர்! கீழே குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த கோடைகள் இந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். மொட்டைப் பாறையில் விழுந்த மழையைக்கூட விடாமல் பிடித்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் ஏது?

மனம் நொந்தது சிப்பாய்கள் தங்கிய அறைகளில். சுவரெல்லாம் ஆணியால் கீறிய இதயங்கள், பெயர்கள், செட் பெயரோடு வருஷம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. கீறியவர்கள் யாரோ அந்நியப் படை இல்லை, நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு பழைய கட்டடம் 1948 முதல் மியூசியமாக இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் பொருளை யாரும் கீறுவதில்லை. இங்கே கோட்டையே மியூசியம், ஆனால் கண்ணாடி கிடையாது. ஏறுவதற்கு முன் பிள்ளைகளிடம் நாம் சொல்லும் நாலு வார்த்தைதான் காவல்.

இறங்கும்போது அவன் கேட்டான்: "ஹைதர் அலி பேரு எந்தச் சுவத்துல இருக்கு சித்தி?"

"எதுலயும் எழுதலைடா."

"அப்புறம் எப்படி எல்லாருக்கும் அவர் பேரு தெரியுது?"

அடுத்த முறை திண்டுக்கல் போகும்போது, பிரியாணிக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலை மறக்காமல் கீழே கொண்டு வந்துவிடுங்கள்.