சேற்றில் பெருகும் அலை

1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். தொலைதூரக் கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்ட அவர், ஒரே அதிர்ச்சி மூன்று வகை அலைகளாக, வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்கிறது என்று 1900-இல் எழுதினார். 1906-இல் அந்த அலைகளைக் கொண்டே பூமிக்குள் கருவம் இருப்பதையும் காட்டினார்.

முதலில் வருவது முதன்மை அலை. செல்லும் திசையிலேயே பொருளை நெருக்கியும் விரித்தும் போகும் இது, ஒலியின் இனம். பாறை, நீர் இரண்டையும் கடக்கும். அடுத்தது குறுக்கலை, பக்கவாட்டில் ஆட்டும். வடிவம் குலைவதைத் திரவம் எதிர்க்காது. அதனால் திரவத்தில் இது செல்லாது. கடைசியாக நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி வருபவை மேற்பரப்பு அலைகள். கட்டடங்களைச் சாய்ப்பவை பெரும்பாலும் பின்னால் வரும் இந்த இரண்டும்தான்.

1967 டிசம்பர் 11 அதிகாலை மகாராஷ்டிராவின் கொய்னா நடுங்கியபோது மும்பையும் ஆடியது. இடையிலுள்ள ஏறத்தாழ 200 கி.மீ. தூரத்தை முதன்மை அலை சுமார் அரை நிமிடத்தில் தாண்டும். குறுக்கலைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும்.

தூரம் மட்டும் காப்பாற்றாது. காலடி மண்ணையும் பார்க்க வேண்டும். மும்பைக்கு அடியில் இருப்பது தக்காண எரிமலைப் பாறை. அதன்மேல் பல இடங்களில் கழிச்சேறும் கொட்டி நிரப்பிய மண்ணும் கிடக்கின்றன. பாறையிலிருந்து சேற்றுக்குள் வரும் அலையின் வேகம் குறைகிறது, வீச்சு பெருகுகிறது. ஆழமான இளகிய மண் மெதுவாக ஆடும். உயரமான கட்டடமும் அப்படியே. இரண்டும் ஒத்து ஆடினால் ஆபத்து. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கி.மீ.க்கு அப்பால் சபர்மதி வண்டலில் நின்ற அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் சரிந்தன.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த, மும்பைத் தமிழரான நம் முன்னோர் சதுப்பைத் தூர்த்துத் தாராவியில் குடியேறினார்கள். மழைக்குத் தண்டவாளம் மூழ்கும் சுனாபட்டியும் தாழ்நிலமே. தகரக் கூரை இருந்த இடங்களில் இன்று மாடிகள் உயர்கின்றன. சொசைட்டிக் கூட்டத்தில் சதுர அடிக்காகச் சண்டை போடுகிறோம். பாறை எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் பில்டரிடம் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அது நம் உரிமை.